ஐந்தாவது வட்டம்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

நூலகத்தின் போட்டித் தேர்வுப் பிரிவிலும், மாடியறை ஸ்டடி ஹால்களிலும், கோயில் மண்டபத்திலும், வேப்பமரத்தடியிலும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல்.

உங்களுக்குப் புத்திமதி சொல்லும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. யூடியூபைத் திறந்தால் ஒருவர் விடியற்காலை மூன்றரை மணிக்கு எழச் சொல்கிறார். இன்னொருவர் "பாசிட்டிவா நினை, தானா நடக்கும்" என்கிறார். ஸ்டடி ஹால் சுவரெல்லாம் பொன்மொழிகள். நானும் அந்த வரிசையில் சேர வரவில்லை. படித்தது உளவியல், பார்ப்பது ஆலோசகர் வேலை. வாரம் ஒருநாள் நூலகத்துக்கு வந்து உங்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். உங்களில் பலர் என்னை அக்கா என்று கூப்பிடுவதால் அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டே விஷயம். படித்தது மறக்காமல் இருக்க வழி, இரவில் தூக்கம் வர வழி. மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. அரைமணி நேரம் பேசிய பிறகுதான், அதுவும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான், "இன்னொண்ணுக்கா..." என்று ஆரம்பிப்பார்கள். இந்த மடல் அந்த இன்னொன்றைப் பற்றியது.

ஒரு தங்கையைப் பற்றிச் சொல்கிறேன். யாருக்கும் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக மூன்று நான்கு பேரைக் கலந்து ஒருத்தியாக்கியிருக்கிறேன். பி.எஸ்சி. கணிதம். குரூப் 4 மூன்றாவது முறை. சித்தப்பா மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருக்கிறாள். பந்தியில் எதிர்வரிசையில் இருந்த பெரியம்மா, ரசம் ஊற்றுகிறவருக்குக் கை காட்டிக்கொண்டே, "என்னம்மா, இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்கியா?" என்று கேட்டிருக்கிறார். இவளும் "ஆமா பெரியம்மா" என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு, மோருக்குக் காத்திராமல் இலையை மூடி எழுந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து படுத்தவள் இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. என்னிடம் சொன்னது இதுதான்: "காரணமே இல்லக்கா. திடீர்னு மனசு கனமாயிடுச்சு."

பெரியம்மா கேட்டதற்கும் மனசு கனத்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்றாள். சரி, அந்தப் பந்தியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம் என்றேன். கை எங்கே இருந்தது? சோற்றில். கண் எங்கே போனது? கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பாவப் பாத்தேன்" என்றாள். அப்பா என்ன செய்துகொண்டிருந்தார்? "எலையவே பாத்துக்கிட்டு இருந்தாரு." அப்போது மனசில் என்ன ஓடியது? நெடுநேரம் பேச்சில்லை. பிறகு வந்தது: "என்னால எங்கப்பாவுக்குத் தலைகுனிவு."

இந்த ஒரு வாக்கியம் அவள் மனசுக்குள் வந்துபோக ஒரு நொடிகூட ஆகியிருக்காது. வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. அது போட்டுவிட்டுப் போன பாரம் மட்டும் தெரிந்தது. அதனால்தான் காரணமே இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை.

இப்படித் தானாக வந்து, கண்ணில் படாமல் போகும் எண்ணங்களைப் பற்றி முதலில் உன்னிப்பாக எழுதியவர்களில் முக்கியமானவர் ஆரன் பெக். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மனநல மருத்துவர். 1921இல் பிறந்து நூறு வயது வாழ்ந்து 2021இல் மறைந்தார். எப்போதும் கழுத்தில் வில்முடிச்சு டை கட்டிக்கொண்டிருக்கும் மனிதர். அவர் பயின்றது பிராய்டின் உளப்பகுப்பாய்வு. தன்மேல் திருப்பிவிடப்பட்ட கோபம்தான் மனச்சோர்வு என்பது அந்தப் பள்ளியின் கொள்கை. அதை நிரூபிப்பதற்காகவே 1950களின் கடைசியில் நோயாளிகளின் கனவுகளை ஆராய ஆரம்பித்தார். கோபம் எதிர்பார்த்த அளவுக்கு அகப்படவில்லை. திரும்பத் திரும்ப வந்தவை இழப்பும் தோல்வியும் புறக்கணிப்பும். விழித்திருக்கும்போது அவர்கள் பேசியதும் அதையேதான்.

அவர் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஒரு பெண் நோயாளி தன் அந்தரங்க அனுபவங்களை விவரித்துக்கொண்டே பதற்றப்பட்டாள். சொல்லும் விஷயம் அப்படிப்பட்டது, அதனால்தான் பதற்றம் என்று பெக் தன் படிப்புப்படி விளக்கம் சொன்னார். அவளோ, இல்லை, நான் பேசுவது உங்களுக்குச் சலிப்பாக இருக்குமோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். வாய் ஒன்றைப் பேசிக்கொண்டிருக்க, அடியில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மற்ற நோயாளிகளிடமும் விசாரித்தார். எல்லோரிடமும் இருந்தது. யாரும் கேட்காததால் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மனச்சோர்வுக்கும் சிந்தனைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய அவருடைய கட்டுரை 1963இல் வந்தது.

இதில் உங்களுக்கு நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. பிராய்டு சொன்ன நனவிலி மனம் எளிதில் எட்டாத ஆழத்தில் இருப்பது. அதைத் தோண்ட வருடக்கணக்கில் சிகிச்சை வேண்டும். பெக் கண்ட எண்ணங்கள் அவ்வளவு ஆழத்தில் இல்லை. வேகமாக ஓடுவதாலும், வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிப்போனதாலும்தான் கவனத்துக்குத் தப்புகின்றன. நின்று கேட்டால் காதில் விழும்.

அவை எதைப் பற்றிப் பேசும் என்பதையும் பெக் சொல்லியிருக்கிறார்: தன்னைப் பற்றி, சுற்றியிருக்கும் உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி. உங்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். "எனக்கெல்லாம் மண்டைல ஏறாதுக்கா." "ஊர்ல ஒருத்தரும் மதிக்கிறதில்ல." "இனிமே என்ன ஆகப்போகுது?" மூன்றும் ஒரே மூச்சில் வரும்.

எண்ணத்தால் மனச்சோர்வு வருகிறதா, மனச்சோர்வால் இந்த எண்ணம் வருகிறதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டும் நடக்கிறது என்பதுதான் என் புரிதல். ஆனால் எண்ணப் பழக்கம் முன்னாலேயே இருந்து வழி திறந்துவிடுகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் டெம்பிள், விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களில் மனச்சோர்வு இல்லாத முதலாண்டு மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். எது தவறினாலும் 'நான் இப்படித்தான், எப்போதும் இப்படித்தான்' என்று முடிவு கட்டும் பழக்கம் இருந்தவர்களுக்குப் பிற்பாடு மனச்சோர்வு வந்தது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

இன்னொன்று எதேச்சையாகக் கிடைத்த சான்று. கலிபோர்னியாவில் சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர், மனசு சரியில்லாதபோது என்ன செய்வீர்கள் என்று ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் கேட்டு எழுதி வைத்திருந்தார். இரண்டு வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று, அந்தப் பகுதியையே பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. பிறகு போய் அதே மாணவர்களைப் பார்த்தார். உட்கார்ந்து அதையே அசைபோடும் பழக்கம் உள்ளவர்கள் என்று முன்னமே தெரிந்தவர்களிடம், ஏழு வாரம் கழித்தும் சோர்வு கூடுதலாக இருந்தது. நிலம் எல்லோருக்கும் ஒரேமாதிரிதான் ஆடியது.

உங்களுக்கும் வருடம் ஒருமுறை நிலம் ஆடுகிறது. தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே டெலிகிராம் குழுவில் ஆன்சர் கீ வந்துவிடும். ராத்திரிக்குள் ஆளாளுக்குக் கட் ஆஃப் சொல்வார்கள். ஒருவர் 165 என்பார், இன்னொருவர் 172க்குக் குறையாது என்பார். விடிய விடிய அதை உருட்டிக்கொண்டிருப்பதைத்தான் நீங்கள் யோசனை என்கிறீர்கள். யோசனை என்றால் ஒரு முடிவில் போய் நிற்க வேண்டும். இது நிற்பதில்லை. 'எனக்கு ஏன் இப்படி?' என்று ஆரம்பித்து, பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க் வரை போய், திரும்பவும் 'எனக்கு ஏன் இப்படி?' என்று வந்து சேரும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். 2024 குரூப் 4 அறிவிப்பில் முதலில் இருந்த பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். எழுதியவர்கள் 15 லட்சத்தைத் தாண்டினார்கள். பின்னால் இடங்களைக் கூட்டினார்கள். கூட்டிய பிறகும், எழுதிய நூறு பேரில் 99 பேருக்கு மேல் வெளியேதான் நிற்க வேண்டும். எல்லோரும் இரவு பகலாகப் படித்தாலும், எல்லோருக்கும் ராமானுஜன் மூளை இருந்தாலும் இதே 99தான். ஆனால் பட்டியலில் எண் இல்லை என்று தெரிந்த நிமிடம் மனசுக்குள் ஓடுவது இந்த வகுத்தல் கணக்கு இல்லை. "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்பது. இடப் பற்றாக்குறை ஒரே நொடியில் ஆள் மேல் தீர்ப்பாக மாறிவிடுகிறது. மாறும் இடம் உங்கள் கண்ணில் படுவதே இல்லை.

அதைப் பிடிக்க உங்களுக்குத் தெரிந்த கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். கூற்று, காரணம் கேள்வி. கூற்று: இந்த முறையும் எனக்கு நான்கு கேள்வியில் போய்விட்டது. காரணம்: எனக்குப் படிப்பு வராது. மாதிரித் தேர்வில் வந்தால் நொடியில் முடித்துவிடுவீர்கள். கூற்று சரி, காரணம் தவறு. நான்கு கேள்வியில் போனவருக்குப் படிப்பு வராமலா மீதிக் கேள்விகள் சரியாயின? அடுத்தது அந்தத் தங்கையுடையது. கூற்று: அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம்: என்னால் அவருக்குத் தலைகுனிவு. இதற்கு அவள் பட்டென்று "ரெண்டும் சரிக்கா, காரணம் சரியான விளக்கம்" என்றாள். எப்படித் தெரியும், அப்பா சொன்னாரா? சொல்லவில்லை. முகம்? குனிந்திருந்தார், தெரியவில்லை. அப்படியென்றால் விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறதே, 'விடை தெரியவில்லை', அது எதற்கு? தெரியாத கேள்வியை வெறுமனே விடக் கூடாது, அந்த வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும் என்பது தேர்வாணையத்தின் விதி. மற்றவர் மனசுக்குள் புகுந்து நாம் படித்துவிடும் பெரும்பாலான கேள்விகளுக்கு அதுதான் சரியான விடை. அப்பாவிடம் கேட்டாயா என்று பிற்பாடு கேட்டேன். அந்த வீட்டில் அப்படிக் கேட்கும் பழக்கமில்லையாம். இருக்கட்டும். தெரியவில்லை என்பதே அவளுக்கு அன்று போதுமானதாக இருந்தது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கால் குயர் நோட்டு ஒன்று. மனசு சட்டென்று இறங்கும்போது, முடிந்தால் அப்போதே, இல்லாவிட்டால் அன்று ராத்திரிக்குள், மூன்று விஷயம் எழுதுங்கள். என்ன நடந்தது, மனசில் என்ன வாக்கியம் ஓடியது, எவ்வளவு வலித்தது, நூற்றுக்கு எவ்வளவு. வாக்கியத்தை அது வந்த மொழியிலேயே எழுதுங்கள். 'தன்னம்பிக்கை குறைவாக உணர்ந்தேன்' என்று கட்டுரைத் தமிழில் எழுதினால் பயனில்லை. "தண்டச் சோறு" என்று ஓடியிருந்தால் தண்டச் சோறு என்றே எழுத வேண்டும். முதல் வாரம் ஒன்றும் அகப்படாது. பிறகு பார்த்தால் நான்கைந்து வாக்கியங்களே வேறு வேறு சட்டை போட்டு வந்துகொண்டிருப்பது தெரியும். அதற்கப்புறம்தான் சரியா தவறா என்கிற சோதனை. தவறு என்று தெரிந்தால் அந்த இடத்தில் எழுதும் மாற்று வாக்கியம் நீங்கள் நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். "நான் கலெக்டர் ஆவேன்" என்று எழுதினால் உள்ளே இருக்கிறவன் சிரிப்பான். "திறனறிவில் தேறிவிட்டேன், தமிழில் இலக்கணம் இடிக்கிறது" என்று எழுதினால் வாயை மூடிக்கொள்வான்.

பாசிட்டிவாக நினை என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இந்த இடத்தில்தான். உங்கள் கஷ்டங்களில் பல கற்பனையில்லை. வீட்டில் பணமில்லை என்பது உண்மை. இருபத்தைந்து தாண்டிய பெண்ணுக்கு 'இந்த வருஷம் வரலன்னா கல்யாணம்' என்று கெடு வைத்திருப்பது உண்மை. அறிவிப்பு தள்ளிப்போவதும், முடிவு வர மாதங்கள் ஆவதும், சாதியைச் சொல்லிக் குத்துகிறவர்கள் இருப்பதும் உண்மை. இதையெல்லாம் எண்ணக் கோளாறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோட்டில் எழுதிப் பார்த்து, எண்ணம் சரிதான் என்று தெரிந்தால், அதற்கு மேல் வேண்டியது மனப்பயிற்சி இல்லை. பகுதிநேர வேலையோ, வீட்டாரோடு ஒரு பேச்சோ, தேர்வை மாற்றுவதோ, விடுவதோகூட. விடுவது தோல்வி என்பதும் தானாக வரும் வாக்கியங்களில் ஒன்றுதான். அதையும் நோட்டில் ஏற்றுங்கள்.

சிலருக்கு எழுதவே கை வராது. எழுந்து பல் துலக்குவதே பெரும்பாடாக இருக்கும். அவர்கள் எண்ணத்தை விட்டுவிட்டுச் செயலிலிருந்து தொடங்கலாம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்படி ஒரு சிகிச்சையைச் சோதித்தார்கள். ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்களில்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறிலிருந்து எட்டு முறை சந்திப்பு. சோர்வில் நின்றுபோன சின்னச் சின்ன வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க வைப்பதுதான் அதன் மையம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39. முடிவுகள் 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. மனசு சரியானதும் வெளியே போகலாம் என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாயங்காலம் அரைமணி நேரம் கிரிக்கெட்டோ, அம்மாவோடு சந்தைக்குப் போவதோ, நீங்கள் முதல் வேலையாக வெட்டியெறிந்தது அதைத்தான். நேரம் மிச்சம் என்று நினைத்தீர்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை. எல்லாச் சோர்வும் எண்ணத்தால் வருவதில்லை. தைராய்டு குறைந்தால் வரும், இரத்தசோகை இருந்தால் அசதி வரும். அறைகளில் தங்கி டீயும் பரோட்டாவுமாக ஓட்டுகிறவர்கள் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மனம் கவிந்து கிடப்பதோ, எதிலும் பிடிப்பில்லாமல் போவதோ, இரண்டு வாரம் நாள் முழுக்க நீடித்து, கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெட்டிருந்தால் நோட்டு போதாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

"மனநல டாக்டர்கிட்ட போனா கவர்மென்ட் வேலை கிடைக்காதாமே?" என்று உங்களில் பாதிப்பேர் கேட்டுவிட்டீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் அரசு வேலை ஒதுக்கீட்டுக்குரிய பிரிவுகளில் சேர்த்திருக்கிறது. பொது அறிவுத் தாளுக்கும் உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வாக்கியம் இருக்கிறது. "நான் இல்லேன்னா வீட்ல நிம்மதியா இருப்பாங்க." இது மட்டும் மற்றவற்றைப்போல வேகமாக ஓடாது. மெதுவாக வந்து, முடிவெடுத்த நிதானம்போல உட்கார்ந்துகொள்ளும். இதைத் தனியாக உட்கார்ந்து சரியா தவறா என்று சோதிக்காதீர்கள். நோட்டை மூடிவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் சரி. 14416 மத்திய அரசின் டெலிமானஸ் எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 104 தமிழக அரசின் எண். இரண்டும் இலவசம். பக்கத்து நாற்காலிக்காரர் இப்படிச் சொல்லக் கேட்டால், "லூசு மாதிரி பேசாத" என்று அடக்கிவிடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தோன்றுகிறது என்றால் தனியே விடாமல் கூடவே இருந்து அந்த எண்ணை நீங்களே போடுங்கள். கூப்பிட்டால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று தயங்க வேண்டாம். உதவி கேட்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதே 2017 சட்டம்.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் முதல் மாடியில், நாளிதழ்ப் பகுதிக்குப் பக்கத்து அறையில் இருப்பேன். உறுப்பினர் அட்டை வேண்டாம். வரும்போது நோட்டைக் கொண்டுவாருங்கள், ஒரு வரியும் எழுதியிருக்காவிட்டாலும்.

அன்புடன்,
உங்கள் அக்கா